தற்செயலும் சாட்சியும்: ‘மேஜ்’ விளையாட்டின் மாய விதிகளுக்கு உரை காணல்

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையைக் கூட்டாக நடத்திச் செல்லும் விளையாட்டுகள் 1970களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கின. அவற்றுள் இன்றைய நகரத்தையே களமாக்கி, அதன் அன்றாட வாழ்வுக்குள் மாயம் மறைந்து இயங்குவதாகப் புனைவன தனியொரு வகை. 1993இல் ஒயிட் உல்ஃப் நிறுவனம் வெளியிட்ட ‘மேஜ்: தி அசென்ஷன்’ அவ்வகையில் விதிச்சிக்கல் மிகுந்தது. 1995, 2000, 2015 ஆகிய ஆண்டுகளில் திருந்திய பதிப்புகள் வந்த பின்னும் அதன் அடிப்படை விதியொன்று இருவேறு பொருளுக்கு இடந்தந்தே நிற்கிறது. விதிநூலுக்கு உரை காண்பதில் நீண்ட பயிற்சியுடைய தமிழாய்வு இத்தகைய பனுவல்களைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவது பொருத்தமன்று.

இந்நூல் மாயத்தைப் பட்டியலாகத் தருவதில்லை. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் பெயர், எல்லை, பயன் ஆகியவை வரையறுக்கப்பட்டுள்ளன. அது நிகண்டு போன்றது. ‘மேஜ்’ இலக்கணம் போன்றது. இடத்தொடர்பு, சிதைவு, ஆற்றல், உயிர், பருப்பொருள், மனம், மூலம், ஆவி, காலம் என ஒன்பது மண்டலங்களை வகுத்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 5 வரை தேர்ச்சிநிலை காட்டி, இவற்றைப் புணர்த்து வேண்டியதை ஆக்கிக்கொள்ளும் பொறுப்பை ஆடுவோரிடம் அது விடுகிறது.

கதையுலகின் அடிப்படைக் கருத்து, பெரும்பான்மையோர் நம்புவதே உலகின் இயல்பாக நிலைபெறுகிறது என்பது. ஆகவே மாயம் இருவகைப்படும். காண்போர் இயல்பான நிகழ்வென ஏற்கத்தக்கது தற்செயல் மாயம். ஏற்கத்தகாதது வெளிப்படை மாயம். இப்பாகுபாடு பகடையில் உடனே தெரியும். மூன்றாம் நிலை மாயம் தற்செயலாயின் பத்துமுகப் பகடையில் 6 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், வெளிப்படையாயின் 7, வெளிப்படையாகி, சாட்சியும் இருப்பின் 8. பகடை ஒன்றுக்குப் பத்தில் ஐந்தாக இருந்த வாய்ப்பு மூன்றாகக் குறைகிறது. அதற்கு மேல், உலகின் இயல்பு திருப்பித் தாக்கும் ‘பாரடாக்ஸ்’ வேறு. ஒரு சொல்லின் பொருள்கோளில் ஒரு பாத்திரத்தின் உயிர் தங்கியிருக்கிறது.

சிக்கல் எழும் இடம் இது. ஆற்றல் மண்டலத்தில் 3, மூல மண்டலத்தில் 2 தேர்ச்சியுடைய ஒருத்தி சந்தொன்றில் துரத்தப்படுகிறாள். வெறுவெளியில் தீயை எழுப்ப அவ்விரண்டும் போதும். ஆனால் அது வெளிப்படை. எனவே சுவரோரத்து எரிவாயுக் குழாய் வெடித்ததாக அச்செயலை அமைக்கிறாள். ஒரு சாரார், தீ தோன்றிற்று, குழாய் அதற்கு வாய்த்த போர்வை மட்டுமே என்பர். இதைப் பயன்வழிக் கொள்ளுதல் எனலாம். மறுசாரார், குழாய் உடைந்ததால்தான் தீ எழுந்தது, உடைத்தற்குப் பருப்பொருளோ சிதைவோ அவளிடம் இருந்ததா என வினவுவர். இது செயல்வழிக் கொள்ளுதல்.

செயல்வழிக் கொள்வாரிடம் சொற்சான்று வலிது. ஒவ்வொரு மண்டலமும் எதனை ஆளும் என நூல் தெளிவாகவே கூறுகிறது. ஆளப்படாததை ஆண்டதாகக் கொள்வது மாறுகொளக் கூறலாகும். ஆயினும் அவ்வுரையை முற்றும் ஏற்றால் விளைவது வேறொரு குற்றம். இரண்டு மூன்று மண்டலங்களே கைவந்த தொடக்கநிலைப் பாத்திரம் தற்செயல் மாயம் எதையும் செய்ய இயலாது. குழாய்க்கு ஒரு மண்டலம், ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு ஒன்று, அறுந்த மின்கம்பிக்கு ஒன்று எனத் தேவை பெருகும். நூல் பலபட விரித்துரைக்கும் ஒரு வகை, ஆடுவோர் பலருக்கும் எட்டாததாகிவிடும். நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களுள் ‘நின்று பயனின்மை’ இறுதியில் நிற்கிறது. ஒரு விதியைப் பயனற்றதாக்கும் பொருளைவிட, அதற்குத் தொழிற்பட இடம் தரும் பொருளே கொள்ளத்தக்கது.

ஆதலின் பயன்வழிக் கொள்ளுதலே ஏற்புடையது, ஆனால் வரையறையோடு. குழாய் அச்சந்தில் முன்னரே இருந்ததாகவோ, அத்தகைய சந்தில் இருக்கக்கூடியதாகவோ காட்சி அமைந்திருத்தல் வேண்டும். பழைய உரையாசிரியர்கள் நூற்பாவின் மிகைச்சொல்லை இலேசாகக் கொண்டு, சொல்லாத விதிகளையும் தழுவிக்கொண்டனர். ஆயினும் இலேசு என ஒரு சொல் அங்கு நின்றாக வேண்டும். இல்லாத சொல்லுக்கு இலேசு இல்லை. நகரம் இவ்வகைப் புனைவின் களமாவதன் பயன் இங்குத்தான் விளங்குகிறது. குழாய், மின்கம்பி, போக்குவரத்து, கூட்டம் என மாயத்துக்குச் சாக்கு தருவதும் நகரமே. சன்னல்தோறும் சாட்சியை நிறுத்துவதும் நகரமே.

கதைநடத்துநரின் சொல்லே முடிவு, ஆராய்ச்சி எதற்கு என்பார் உளர். அவருக்கு அவ்வதிகாரத்தை நூலே வழங்குகிறது என்பது உண்மை. ஆனால் அதிகாரம் தீர்ப்பைத் தருமேயன்றிக் காரணத்தைத் தராது. சென்ற அமர்வில் ஒருவருக்குத் தற்செயலானது இந்த அமர்வில் மற்றொருவருக்கு வெளிப்படையாயின், காட்டத்தக்க காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். தன் பாத்திரம் சாகும் தறுவாயில் வாதிடுபவர் நடுநிலையாளர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. இலக்கண உரையாசிரியருக்கு இந்த நெருக்கடி இருந்ததில்லை. எனவே எவ்வுரையைக் கொள்வது என்பதைப் பகடை கையிலெடுக்கும் முன்னரே மேசை முடிவு செய்துகொள்வது நேர்மையானது.

இனி, ஏற்கத்தக்கது என்றால் யார் ஏற்க? மேசை வாதங்களில் பெரிதும் விரைந்து கடக்கப்படும் இடம் இது. ஒருவரும் காணாத சந்திலும் ‘வெளிப்படை’ உண்டு எனின், அளவுகோல் கண் அன்று, நம்பிக்கை. லூர்து திருத்தலத்தின் ஊற்றருகே ஒருவர் நோய் நீங்கி எழுவதும், பாரிஸ் மருத்துவமனையின் அறுவை அரங்கில் அவ்வாறே எழுவதும் ஒரே மண்டலச் செயல். வகை மட்டும் ஒன்றாகாது. இடத்துக்கேற்ப உலகின் இயல்பே மாறும் என்பதை 2015ஆம் ஆண்டுப் பதிப்பு ஏற்கிறது. எனினும் வழக்கமாகத் தரப்படும் எடுத்துக்காட்டுகள் மேலைநாட்டு நகரத்தானின் ஐயத்தையே பொது ஐயமாகக் கொள்கின்றன.

தொல்காப்பிய மரபியல் வழக்கு என்பதை உயர்ந்தோர் மேல் வைத்து உரைக்கிறது. ‘மேஜ்’ பெரும்பான்மையோர் மேல் வைப்பதாகத் தோன்றும். ஆனால் கதைக்குள் அப்பெரும்பான்மை நம்பிக்கையைப் பல நூற்றாண்டுகளாக வடித்தெடுத்தது டெக்னாக்ரசி என்னும் அறிவியல்வழி மாயவர் கூட்டம். எரிவாயுக் குழாய் வெடிப்பதை நம்புமாறும், ஊற்றுநீர் நோய் தீர்ப்பதை நம்பாதவாறும் மக்களைப் பயிற்றியவர் அவரே. ‘சாதாரண மனிதர் ஏற்பாரா’ என்று கதைநடத்துநர் கேட்கும் ஒவ்வொரு முறையும், அறிந்தோ அறியாமலோ, அந்த உயர்ந்தோரின் வழக்கையே அவர் கேட்கிறார். பாத்திரங்கள் எதிர்த்துப் போராடும் தரப்பின் அளவுகோலே மேசையின் நடுநிலை அளவுகோலாக அமர்ந்துவிடுகிறது.