முதலில் மலப் பரிசோதனை, பிறகு மாத்திரை

மத்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்குத் தேர்வான எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அந்தத் தாம்பரம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அந்தக் கூட்டு மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையம் உண்டு. மருந்துக்காக ஏங்கிய காலம் போய்விட்டது. அந்த மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு வயிற்றால் போனால் என்ன செய்வது என்பதில்தான் இன்னும் கோட்டை விடுகிறோம்.

மாமல்லபுரத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ இருப்பவர் இதற்காகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவது அரிது. ஒருநாள் கூலி போகும். எங்கே போய் வருகிறாய் என்ற கேள்வியும் வரும். பக்கத்து மெடிக்கலில் ‘லூஸ் மோஷன்’ என்றால் போதும். பேதியை நிறுத்த லோபரமைடு, ஓர் ஆன்டிபயாடிக், நெஞ்செரிச்சலுக்கு ஜெல், தெம்புக்குச் சத்து மாத்திரை எல்லாம் ஒரே கவரில் வந்துவிடும்.

சிக்கல் அந்தக் கவருக்குள் இருக்கிறது. இன்று பெரும்பாலோர் சாப்பிடும் கூட்டு மாத்திரையில் டோலுடெக்ராவிர் உண்டு. ஜெல்லில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும், சத்து மாத்திரையின் இரும்பும் துத்தநாகமும் அதைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஜெல் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோதான் டோலுடெக்ராவிரைச் சாப்பிட வேண்டும். இரண்டாம் கட்ட மருந்தான ரிட்டோனாவிர் வேறு விதம். அது ரத்தத்தில் லோபரமைடின் அளவைக் கூட்டும். லோபரமைடு அளவு மீறினால் இதயத் துடிப்பே தடம் புரளலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் லோபரமைடைத் தொடவே கூடாது.

எல்லாப் பேதியும் மருந்தால் வருவதும் அல்ல. லோபினாவிர்-ரிட்டோனாவிர் சாப்பிடுவோருக்கு வயிறு இளகுவது சகஜம்தான். ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கிரிப்டோஸ்போரிடியம், ஐசோஸ்போரா போன்ற ஒட்டுண்ணிகளாலும் குடல் காசநோயாலும் பேதி வரும். ஐசோஸ்போராவுக்குக் கோட்ரைமாக்சசோல் கேட்கும். காசநோய்க்கு மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும். ஏ.ஆர்.டி. எடுப்பவர்களின் பேதிக்கென்றே 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குரோஃபெலமரைக்கூட, தொற்று இல்லை என்று உறுதி செய்த பிறகே கொடுக்க வேண்டும்.

மலப் பரிசோதனை பெரிய வித்தையும் அல்ல. காசநோய்க்குச் சளியில் சாயமேற்றிப் பார்க்கும் முறையைச் சற்று மாற்றினால் இந்த ஒட்டுண்ணிகளும் நுண்ணோக்கியில் தெரியும். கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாதிரியைப் பெற்றுச் செங்கல்பட்டுக்கு அனுப்ப ஏற்பாடு வேண்டும்.

ஒவ்வொரு வயிற்றுப்போக்குக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓ.ஆர்.எஸ். கரைசலை யாரையும் கேட்காமல் உடனே குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். இரண்டு மூன்று நாளில் நிற்காவிட்டாலோ, காய்ச்சல், ரத்தம், சிறுநீர் குறைதல் என்று எது கண்டாலோ தாமதிக்கக் கூடாது. மாத்திரைதான் காரணம் என்று ஏ.ஆர்.டி.யைத் தாமாக நிறுத்துவது எல்லாவற்றையும்விட மோசம்; கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம்.

மருந்துக்கடைக்காரர் நோயின் பெயரைக் கேட்கத் தேவையில்லை. எச்.ஐ.வி. நிலையை வெளியிடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. “தினமும் சாப்பிடுற மாத்திரை ஏதாவது இருக்கா?” என்று கேட்டாலே பாதி ஆபத்து விலகும். எவற்றைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று நோயின் பெயர் போடாமல் அச்சிட்ட சீட்டையும், நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளையும், கூப்பிட்டால் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணையும் மாத்திரையோடு ஏ.ஆர்.டி. மையமே கொடுக்கட்டும். மாவட்ட நிர்வாகம் இதை அடுத்த மாத விநியோகத்திலேயே தொடங்க வேண்டும்.