மலைதான் ஏற வேண்டுமா?

இரண்டாம் ஆண்டு இளமறிவியல், தாவரவியல்

தை பிறந்ததும் நம் கல்லூரியில் ஒரு கேள்வியும் பிறந்துவிடும்: "இந்த வருஷம் டூர் எங்கே?" விடையும் அதன் கூடவே பிறந்துவிடும். உதகை, இல்லையென்றால் கொடைக்கானல். வேறு ஊரின் பெயரைச் சொல்பவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். காடு என்றால் அது மலைமேல்தான் இருக்கும், பனியும் குளிரும் இல்லாத காடு காடே அல்ல என்பது நம்மில் பலருடைய எண்ணம். சென்ற ஆண்டு வரை என் எண்ணமும் அதுதான்.

அது மாறியதற்கு என் வகுப்புத் தோழன் ஒருவன் காரணம். சிறு வயதில் நேர்ந்த ஒரு விபத்தில் அவனுடைய வலது கால் சற்றே குட்டையாகிவிட்டது. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. முதலாண்டுச் சுற்றுலாவுக்கு எல்லோரையும் போல அவனும் பணம் கட்டினான். பேருந்தில் எல்லோரையும் விட உரக்கப் பாடினான். ஆனால் அருவிக்கு இறங்கும் பாதை வந்ததும், "நீங்க போயிட்டு வாங்கடா, நான் பைகளைப் பார்த்துக்கிறேன்" என்றான். மறுநாள் மலைமுகட்டிலும் அதே பேச்சு. நாங்களும் "நல்லவன்டா" என்று முதுகில் தட்டிவிட்டு ஓடினோம். மூன்று நாளும் அவன் கண்டது பேருந்தின் சன்னலும் எங்கள் பைகளும்தான். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த ஆண்டு சனவரியில் களப்பணிக்காக எங்கள் விரிவுரையாளர் ஒன்பது பேரைக் கோடியக்கரைக்கு அழைத்துச் சென்றார். வண்டி நின்றதும் பழக்கதோஷத்தில் என் தோழன் பைகளை ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். ஐயா அதைப் பார்த்துவிட்டு, "பைகள் வண்டியிலேயே கிடக்கட்டும். நீ முன்னால் நட" என்றார்.

வேதாரண்யத்துக்குத் திருமறைக்காடு என்று பெயர் உண்டு. ஊரின் பெயரிலேயே காடு இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. அங்கிருந்து தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. வெளிமான்களைக் காப்பதற்காக 1967ஆம் ஆண்டில் இங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இது இடம் பெற்றது. இவையெல்லாம் தேர்வுக்குப் படித்தவை. நடந்து பார்த்தபோது தெரிந்தது வேறு.

முதலில், அந்தக் காடு நம் உயரத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பாடத்தில் வருகிறதே, அது இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழும் காடு. பிறகு மாதக்கணக்கில் வறட்சி. அப்படியும் மொத்தமாக இலையை உதிர்ப்பதில்லை. இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்றவை. ஆகவே உள்ளே இருக்கும் நீரை எளிதில் விட்டுவிடுவதில்லை. மணலும் உப்புக்காற்றும் மரங்களை உயர விடுவதில்லை. மலைக்காட்டில் ஒரு பூவைப் பார்க்கக் கழுத்தை ஒடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்க வேண்டும். இங்கே பாலையும் நாவலும் காயாவும் உகாவும் கைக்கெட்டும் இடத்தில் கிளை நீட்டுகின்றன. தாவரவியல் படிப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? (பாலை என்றதும் தமிழ்த்துறை நண்பர்கள் வறண்ட நிலத்தை நினைக்க வேண்டாம். இது மரம். கோடையில் மஞ்சளாகப் பழுக்கும்; பழம் தேனாக இனிக்கும்.)

இரண்டாவது, பாதை சமதளம். மேடு என்று சொல்லத்தக்கது இராமர் பாதம் ஒன்றுதான். இலங்கையை நோக்கி இராமர் நின்ற இடம் என்று ஊரார் சொல்லும் மணல் மேடு. அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதானாம். உயரம் சில மீட்டர்! தொட்டபெட்டா 2637 மீட்டர் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். என் தோழன் சிரிக்கவில்லை. வழியில் ஓரிடத்தில் மணல் பொலபொலவென்று இருந்தது. கைத்தடி புதைந்து புதைந்து எழுந்தது. அந்த இருபது அடிக்கு மட்டும் ஐயாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். மேலே போய்ச் சுற்றிலும் பார்த்தான். ஒருபுறம் காடு, மறுபுறம் உப்புச் சதுப்பு, வெகு தூரத்தில் புள்ளி புள்ளியாகப் பூநாரைகள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பைகளை யாருடா பார்த்துக்கறது?" என்றான். எல்லோரும் சிரித்தோம்; எனக்குத்தான் சிரிப்பு முழுதாக வரவில்லை.

திரும்பும்போது புல்வெளியில் வெளிமான் கூட்டத்தைக் கண்டோம். முறுக்கிய கொம்புடன் கறுத்த ஆண்மான் ஒன்று எங்களையே பார்த்து நின்றது. நாங்கள் மெதுவாக நடந்ததால் அது ஓடவில்லை என்றார் வழிகாட்டி. மெதுவாக நடந்தது யாருக்காக என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சொன்னபோது விடுதி நண்பர் ஒருவர் மறுத்துக் கேட்டார்: "சுலபமான இடம் என்று எழுதிவிட்டால் ஊரே திரண்டு போகும். பிறகு காடு மிஞ்சுமா?" நியாயமான கேள்வி. அந்தக் காடு ஏற்கெனவே அடிபட்டதுதான். 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் சாய்ந்த மரங்களை நாங்களும் பார்த்தோம். சீமைக்கருவேலம் வேறு நுழைந்திருக்கிறது. அதன் காயைத் தின்னும் விலங்குகளின் சாணத்தோடு விதை பரவுகிறது. இவற்றோடு நாமும் இரண்டு பேருந்து, ஒலிபெருக்கி, நெகிழிப்பைகள் சகிதம் போய் இறங்கினால் அது உதவி ஆகாது. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு நேரத்தில் பத்துப் பேர்; வனத்துறை அனுமதி; வழிகாட்டி உடன் இருக்க வேண்டும்; பாதையை விட்டு இறங்கக் கூடாது; குரங்குக்கு எதையும் போடக் கூடாது. மாணவர்களை அணிஅணியாக அனுப்புவது தலைவலி என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஒருவனைப் பேருந்திலேயே உட்கார வைத்துவிட்டுப் போவது மட்டும் நமக்குத் தலைவலியாகத் தோன்றவில்லையே, ஏன்?

பாதையைக் கார் போகும்படி சிமெண்டு போட்டால் இன்னும் சுலபம் என்றும் ஒருவர் சொன்னார். அதை நான் ஒப்பமாட்டேன். என் தோழனும் ஒப்பவில்லை. காரில் போயிருந்தால் அந்த மானைப் பார்த்திருக்கமாட்டோம் என்பது அவன் வாதம். 1930இல் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து இராஜாஜியும் தொண்டர்களும் நடந்தே வந்து சேர்ந்த ஊர் வேதாரண்யம். அதை எண்ணினால் இரண்டு கிலோமீட்டர் நடப்பது நமக்கு ஒரு பெரிய காரியமல்ல.

செலவுக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உதகைக்கு மூன்று நாள். இதற்கு ஒரு நாள் போதும். வெயிலுக்குத் தொப்பியும் ஆளுக்கு இரண்டு புட்டி தண்ணீரும் அவசியம். மார்கழி, தை மாதங்களில் போனால் பறவைகளையும் பார்க்கலாம்.

அடுத்த சுற்றுலாக் குழு கூடும்போது கோடியக்கரை என்ற பெயரை நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய என் தோழன் ஒப்புக்கொண்டிருக்கிறான். பைகளை வைக்க ஓர் அறை வேண்டும் என்று தனித் தீர்மானம் கொண்டுவருவானாம்.