காதலித்தால் கடத்தல், கைபேசி எடுத்தால் ரவுடி

மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை இடிக்கும் பணி 2022 ஏப்ரல் இறுதியில் தொடங்கியது. மே 5இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மறுநாள் பத்தாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு. உச்ச நீதிமன்ற ஆணை என்றார்கள். தேர்வு அட்டவணையும் அரசின் ஆணைதான். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் உழைக்கும் மக்கள், பெரும்பாலும் தலித்துகள், புறநகருக்குத் தள்ளப்பட்டனர். தாயின் வீட்டுவேலை இன்னும் அடையாறில், தந்தையின் பிழைப்பு தியாகராய நகரில். பிள்ளையின் படிப்போ இடையில் நின்றுபோகிறது. அந்த வயதுக்குரிய காதல் அங்கும் மலர்கிறது. சிலர் கைபேசி பறிப்பிலும் இறங்குகிறார்கள். அச்சிலரைக் காட்டி ஒரு குடியிருப்பின் முகவரியே குற்றப்பட்டியலாக்கப்படுகிறது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இசைவு வயதைப் பதினெட்டாக்கியது. பையன் தலித்தாகவும் பெண் வேறு சாதியாகவும் இருந்தால், அச்சட்டம் பெற்றோர் கையில் சாதிக்காவல் ஆயுதமாகிறது. வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஓர் ஆட்டோ ஓட்டுநர் மீதான வழக்கை ரத்துசெய்தார். ஆயினும் வயதைக் குறைத்தால் போதும் என்போருடன் நாம் உடன்படத் தயங்குகிறோம். தலித் சிறுமி மீதான வன்முறையைக் ‘காதல் விவகாரம்’ என்று மூடிமறைக்கும் வழக்கம் நம் காவல் நிலையங்களுக்குப் புதிதன்று.

திருட்டைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. மூன்றாண்டு வரை தண்டனைக்குரியவை இளைஞர் நீதிச் சட்டப்படி சிறுகுற்றங்களே. பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டும் பறிப்பும் அவ்வரம்புக்குள்தான் வருகின்றன. பெரியவர்களுடன் சேர்ந்து செய்யாதபோது முதல் தகவல் அறிக்கையே கூடாது, பொது நாட்குறிப்பில் பதிந்து சமூகப் பின்னணி அறிக்கையுடன் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பவேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள். சிறுவரைக் காவலறையில் அடைக்கவும் கூடாது.

நடப்பது வேறு. 2022 டிசம்பர் இறுதியில், பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட தாம்பரத்துப் பதினேழு வயதுச் சிறுவன் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடித்துக் கொல்லப்பட்டான். இல்லப் பணியாளர் ஆறு பேர் கைதாயினர். நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. இல்லங்கள் ஆராயப்பட்டன. அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பும் காவல் நிலையங்களை யார் ஆராய்வது? பெரும்பாக்கத்திலோ மயிலாப்பூரிலோ ஒரு பையன் பிடிபட்டதாகச் செய்தி வந்தால், அங்கே செல்லும் தோழர்கள் முதலில் கேட்கவேண்டியது அந்த நாட்குறிப்புப் பதிவையும் சமூகப் பின்னணி அறிக்கையையும்தான்.