கையைக் கட்டிப்போட்டுப் பாடம் நடத்தாதே!

நம் மேடைகளில் இரண்டு வார்த்தைகள் ஓய்வில்லாமல் உழைக்கின்றன. அரசாங்கத்தைத் திட்ட வேண்டுமானால் 'செவிட்டு அரசே'. நம்ம சனத்தை நினைத்து உருக வேண்டுமானால் 'ஊமைச் சனங்கள்'. சாதிப் பெயரை வசவாக்கி வைத்திருக்கிற மொழியோடு காலமெல்லாம் மல்லுக்கட்டுகிற நாம், இன்னொரு கூட்டத்தின் உடம்பை எடுத்து வசவாக்கக் கொஞ்சமும் கூசுவதில்லை. காது கேளாத ஒருத்தர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குத் தெரியவா போகிறது என்கிற தைரியம். திண்ணையில் உட்கார்ந்து நம் அப்பன் பாட்டனைப் பேசியவர்களுக்கு இருந்ததும் இதே தைரியம்தான் தோழர்களே.

உடனே ஒருத்தர் 'மூக்நாயக்'கைத் தூக்கிக்கொண்டு வருவார். 1920இல் அம்பேத்கர் தொடங்கிய பத்திரிகையின் பேரே 'ஊமைகளின் தலைவன்' தானே என்பார். சரி, அந்தப் பேர் யாரைச் சொன்னது? வாயிருந்தும் அச்சு மறுக்கப்பட்டவர்களை. காது கேளாதவர்களின் கதையும் அதுதான். அவர்களிடம் மொழி இருக்கிறது. அந்த மொழியில் ஒரு பள்ளிக்கூடம்தான் மறுக்கப்பட்டிருக்கிறது.

இது நமக்குச் சம்பந்தமில்லாத மருத்துவச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் மனுவின் 9ஆம் அத்தியாயத்தைப் புரட்டட்டும். சொத்தில் பங்கு கிடையாது என்று ஒரு பட்டியல் போடுகிறான். சாதியிலிருந்து தள்ளப்பட்டவன், பிறவிக் குருடன், பிறவிச் செவிடன், பைத்தியம், ஊமை எல்லாரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். நம்மையும் அவர்களையும் ஒரே கயிற்றில் கட்டியவன் அவன். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். செவிட்டுத்தனத்தைத் தண்டனையாகக் கொடுக்கத் தெரிந்த தர்மம் இது. மகத்தில் மனுவைக் கொளுத்தியது 1927 டிசம்பர் 25. செவிடர், குருடர், ஊமையருக்குச் சொத்துரிமையைத் தடுத்த அந்தச் சாஸ்திர விதியைச் சட்டம் போட்டு நீக்கியது 1928இல். அதுவரைக்கும் கோர்ட்டிலேயே மனு உட்கார்ந்திருந்தான். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

எப்படி என்று கேட்கிறீர்களா? 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்விக்கென்று ஒரு சர்வதேச மாநாடு கூடியது. வந்திருந்த பிரதிநிதிகள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருத்தர். கேட்கிறவர்கள் கூடிக் கேளாதவர்களுக்குத் தீர்ப்பு எழுதினார்கள்: இனிமேல் வாய்ப்பேச்சு மூலம்தான் கல்வி, சைகை கூடாது. அதற்குப் பிறகு தேசம் தேசமாகப் பள்ளிகளிலிருந்து சைகை விரட்டப்பட்டது. கையசைத்த பிள்ளைகளுக்குப் பிரம்படி, கையைக் கட்டிவைத்தல். காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். அந்த முடிவு தவறு என்று அதே கல்வி மாநாடு வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில். இடையில் 130 வருடம். எத்தனை தலைமுறை!

டெலிபோன் கண்டுபிடித்தவர் என்று நம் பாடப் புத்தகம் கொண்டாடுகிற கிரஹாம் பெல்லும் இந்தக் கட்சிதான். காது கேளாதவர்கள் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொண்டால் செவிட்டு இனமே உருவாகிவிடும் என்று 1883இல் அமெரிக்க அறிவியல் அகாதமியில் கட்டுரை படித்தார். அவர்கள் ஒன்று சேரும் பள்ளிகள், அவர்களுடைய சைகை, அவர்களிலிருந்து வரும் ஆசிரியர்கள் எல்லாமே அவருக்கு ஆபத்தாகப் பட்டன. யார் யாரைக் கட்டலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் எப்படிப்பட்டதென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே சேராதே என்றான், இங்கே தாண்டாதே என்கிறான். இரண்டுமே கருப்பையில் போடுகிற வேலி.

இனி வகுப்பறைக்கு வருவோம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள் என்கிறார் வாத்தியார். உதட்டில் என்ன தெரியும்? 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். வித்தியாசம் மூக்கில், அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 'பாலை'யும் 'மாலை'யும் ஒன்று. 'பறை'யும் 'மறை'யும் ஒன்று! நாலாயிரம் வருசத்துப் பகையை உதட்டில் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, முடியாத பிள்ளைக்கு 'மந்தம்' என்று முத்திரை குத்துகிறார்கள். தொண்டைக்குள் பிறக்கும் 'க' உதட்டுக்கு வருவதே இல்லை. ஒரு வார்த்தையை உச்சரிக்க வைக்க மாதக்கணக்காகத் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கன்னத்தைப் பிடித்துப் பயிற்சி நடக்கிறது. அந்த மாதங்களில் மற்ற பிள்ளைகள் கணக்கும் வரலாறும் படித்து முடித்துவிடுகிறார்கள்.

நான் வேலை பார்க்கும் கவுன்ட்டருக்கு ஒரு இளைஞர் வந்தார். சிறப்புப் பள்ளியில் பத்தாவது முடித்தவர். சீட்டில் எழுதி நீட்டினார்: 'பணம் அம்மா அனுப்பு நான்.' அம்மா அனுப்பினாளா, அம்மாவுக்கு அனுப்பணுமா? 'பத்தாவது படிச்ச லட்சணமா இது' என்றார் பக்கத்து சீட்டுக்காரர். அந்த இளைஞர் பதில் சொல்லவில்லை. இடதுபக்கம் காட்டி அம்மா என்றார். தன் நெஞ்சைத் தொட்டார். நெஞ்சிலிருந்து அந்த இடதுபக்கத்துக்குக் கையை நகர்த்திப் பணத்தைக் கொண்டுபோய் வைத்தார். முடிந்தது. 'கு' என்கிற நான்காம் வேற்றுமை முழுக்க அந்த ஓர் அசைவில் இருந்தது. இலக்கணம் இல்லாதவரா அவர்? அவருடைய இலக்கணத்தின் வழியாகத் தமிழைச் சொல்லித்தர ஒரு வாத்தியார் இல்லாமல் போனார், அவ்வளவுதான்.

சைகை மொழி ஊமை ஜாடை என்பது மேட்டிமைப் பேச்சு. கை வடிவம், கை நிற்கும் இடம், அசைவு என்று அதற்குள் உறுப்புகள் இருப்பதை 1960இலேயே வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்க சைகை மொழியைப் பிரித்துக் காட்டிவிட்டார். இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். கேள்வியா மறுப்பா என்பதைப் புருவமும் தலையசைப்பும் சேர்ந்து சொல்லும். நிகரகுவாவில் 1970களின் கடைசியில் காது கேளாத பிள்ளைகளை முதல்முறையாகப் பள்ளியில் கூட்டினார்கள். வகுப்பில் வாத்தியார்கள் உதட்டைக் காட்டிக்கொண்டிருக்க, பிள்ளைகள் விளையாடுமிடத்திலும் பஸ்ஸிலும் கூடி ஒரு புது மொழியையே உண்டாக்கினார்கள். மொழி கொடுக்கிற சாமி எவனும் மேலேயிருந்து இறங்கவில்லை. சேர விட்டார்கள், மொழி பிறந்தது. சேர விடாமல் வைப்பதுதான் எல்லா ஒடுக்குமுறைக்கும் முதல் பாடம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும், அவர்களில் மாற்றுத்திறனாளிகளும் இருக்க வேண்டும் என்கிறது. இந்திய சைகை மொழிக்கென டில்லியில் 2015இல் ஆராய்ச்சி மையம் வந்தது. 2021இல் 10,000 சொற்களோடு அகராதி வந்தது. வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் குறைவாகக் கேட்போருக்கும். ஆனால் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளில் இது இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி செவித்திறன் குறைந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல். காகிதத்தில் உரிமை, கரும்பலகையில் உதடு. நமக்குப் பழக்கமான காட்சிதான்.

இதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. மொத்த மக்களில் ஊனமுற்றவர்கள் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் 2.45. இது விதியா? காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிட்டுக் கூலிக்கு ஓடுகிற தாய்க்கு எந்த ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது? மூளைக்காய்ச்சலும் பிரசவ நேரத்து மூச்சுத்திணறலும் காதைப் பறிக்கின்றன. கல்குவாரி வெடியும் தறிச் சத்தமும் யார் காதைத் தின்கின்றன? சேரியில் பிறந்த காது கேளாத பெண் பிள்ளையிடம் சாதி, பால், மொழி என்று மூன்று பேர் வந்து கதவைச் சாத்துகிறார்கள்.

இப்போது காக்ளியர் கருவி வந்துவிட்டதே என்பார்கள். அரசுக் காப்பீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஆபரேஷன் செய்கிறார்கள். நல்லது, வேண்டும். ஆனால் ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. வருடக்கணக்கில் பயிற்சி, பாட்டரி, பழுதுபார்ப்பு. கூலியை விட்டு வாரா வாரம் டவுனுக்கு யார் தூக்கிப்போவது? கருவி பலிக்கிறவரை சைகை கூடாது என்று சொல்வதுதான் அயோக்கியத்தனம். பலிக்காத பிள்ளைக்கு மொழி பதியவேண்டிய முதல் ஐந்து வயதும் போய், கையும் போய், வாயும் போய்விடுகிறது.

'சாதி ஒழியட்டும், அப்புறம் இதைப் பார்ப்போம்' என்கிறார்கள் சில தோழர்கள். வர்க்கம் ஒழியட்டும், சாதி தானாகப் போகும் என்று நமக்குச் சொன்னவர்களை நாம் என்ன கேட்டோம்? நினைவிருக்கிறதல்லவா? அதே கேள்வியை இப்போது நம்மைப் பார்த்து அவர்கள் கேட்கிறார்கள், கையால். நமக்குப் படிக்கத் தெரியவில்லை. தலித் வாழ்வைத் தலித்தே எழுத வேண்டுமென்று இதழ் இதழாகச் சண்டை போட்டோமே, காது கேளாதவருக்குக் காது கேளாதவரே வாத்தியாராக வரட்டும் என்று ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோமா? 1988 மார்ச்சில் அமெரிக்காவின் கேலடெட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கதவை அடைத்துப் போராடினார்கள். 124 வருடமாக அவர்களுக்குக் கேட்கிறவர்களே தலைவர்கள். மறுபடியும் கேட்கிற ஒருவரை நியமித்தபோது ஒரே வாரத்தில் பணிய வைத்தார்கள். கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார். கோயில் நுழைவைவிட, குளத்தில் இறங்குவதைவிட இது எந்தவிதத்தில் குறைந்த போராட்டம்?

ஆகவே, சேரிகளில் இரவுப் பாடசாலை நடத்துகிற மாணவத் தோழர்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன். வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிடுங்கள். கூப்பிடுமுன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் சைகை பேசுகிற பெரியவர்களைத் தேடிப் போங்கள். காது கேளாதோர் சங்கம் இருந்தால் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்து மாணவனாகுங்கள். சொல்லித்தருகிறவருக்குக் கூலி கொடுங்கள், இலவசமாகக் கறக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் தாயையும் உடன் கூட்டிப் போங்கள், வீட்டில் பேச ஆள் இல்லாத பிள்ளைக்கு வகுப்பு மட்டும் போதாது. கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று பேசாதீர்கள். விளக்கு உங்கள் முகத்திலும் கையிலும் விழட்டும். பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வையுங்கள், ஒருவர் கை மற்றவருக்குத் தெரியணும். புத்தகத்தையும் கையையும் ஒரே கண் ஒரே நேரத்தில் பார்க்காது. காட்டு, நிறுத்து, வாசிக்க விடு, பிறகு பேசு. கதையை முதலில் சைகையில் சொல்லி முடித்துவிட்டு அப்புறம் தமிழ் எழுத்துக்கு வாருங்கள். கத்தாதீர்கள், கத்தினால் உதடுதான் கோணும். கொஞ்சம் கேட்கிற பிள்ளை எல்லாம் கேட்பதுபோலத் தலையாட்டும். 'புரிஞ்சுதா' என்று கேட்காதீர்கள், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இயக்கத்துக்கும் ஒன்று. அடுத்த மாநாட்டு மேடையில் மாலை, பொன்னாடைச் செலவை வெட்டி ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்துங்கள். அவருக்கு வெளிச்சமும் சம்பளமும் கொடுங்கள். அவர் நிற்கிற மேடையில் 'ஊமைச் சனங்களே' என்று எவராவது தொடங்கினால், அதை அவர் எப்படிக் கையால் மொழிபெயர்ப்பார் என்று பேச்சாளர் யோசித்துக்கொள்ளட்டும்.