வெறுங்காணி என்னும் புனைவு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பால்மாப் பெட்டி ஒன்றுக்காக மக்கள் கடை கடையாக அலைந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. 2022 மார்ச்சில் 400 கிராம் பெட்டியின் விலை 790 ரூபாவாயிற்று. மூன்று லீற்றருக்குச் சற்று மேற்பட்ட பாலை உலர்த்தினால் கிடைப்பதே அப்பெட்டி. நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் கறக்கும் நாட்டுப் பசுக்கள் இரண்டு ஒரு நாளில் தருவதும் ஏறத்தாழ அவ்வளவே. மட்டக்களப்பு மேய்ச்சற்றரைப் பிணக்கை நோக்குவோர் இக்கணக்கை மனத்திற் கொள்ளல் வேண்டும். கொழும்பிலுள்ள கற்றோரோ அதனை இன எல்லைப் பிரச்சினையாக மட்டுமே பேசுவர். ஒரு கண்டன அறிக்கையுடன் அவர்தம் கடமை முடிந்துவிடும். அது இனப் பிரச்சினையுமாகும் என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் அடியிற் கிடப்பது பொருளியல்.

பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டதும் மாடுகள் ஊரைவிட்டு அகல வேண்டும். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அவை மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சற்றரைகளில் தங்கும். அறுவடை முடிந்தபின் திரும்பி அரிதாளை மேய்ந்து, வயலுக்கு எருவையும் அளிக்கும். எனவே மேய்ச்சற்றரை என்பது நெற்செய்கையின் மறுபாதி. 250 கிலோ எடையுள்ள பசுவொன்று நாளொன்றுக்கு 25 கிலோ அளவிற் பசும்புல் தின்னும். 150 நாட்களுக்கு மூன்றே முக்கால் தொன். இதனை விலைகொடுத்து வாங்கும் பண்ணையாளன் எவன்? தரை போனால் அவன் மாட்டை இறைச்சிக்கு விற்பான். பல தலைமுறைகளாகச் சேர்ந்த மூலதனம் ஒரு பருவத்திற் கரைந்துபோகும்.

2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர் தொடங்கிய போராட்டம் இந்த அச்சத்தினின்றும் எழுந்ததே. தரை உழப்படுவதையும் மாடுகள் கொல்லப்படுவதையும் அவர்கள் முறையிட்டனர். அதற்கு அறிவுலகிலிருந்து எழும் மறுமொழி யாது? நாட்டு மாடு பால் தராது. அந்நிலத்திற் சோளம் விதைப்பதே ஆதாயம் என்பதாம். கறக்கும் பாலை மட்டும் எண்ணி, அதற்காகும் செலவை எண்ணாத கணக்கு இது. உயரினப் பசுவை அரசே பரீட்சித்துப் பார்த்துவிட்டது. 20,000 கறவைப் பசுக்களை அவுஸ்திரேலியாவிலிருந்து தருவிக்க 2014 இல் ஒப்பந்தஞ் செய்யப்பட்டது. 2017 இல் ஏறத்தாழ 5,000 வந்திறங்கின. பல நோயுற்று மடிந்தன. எதிர்பார்த்த பாலும் கிடைக்கவில்லை. வாங்கிய பண்ணையாளர் பலர் கடனாளிகளாயினர். மறுபுறம், நெருக்கடிக்கு முந்திய ஆண்டுகளிற் பாற்பொருள் இறக்குமதிக்கு ஆண்டுக்கு 300 மில்லியன் டொலர் அளவிற் செலவாகிக்கொண்டிருந்தது. உள்நாட்டுப் புல்லோ டொலர் கேட்பதில்லை.

மற்றொரு வாதம் சற்று நுட்பமானது. பொது நிலத்தை எவரும் பேணார், மேய்ச்சல் மிஞ்சித் தரை அழியும் என்று 1968 இல் கரற் ஹாடின் எழுதியதை விரிவுரை மண்டபங்கள் இன்றும் வேதமாக ஓதுகின்றன. நிருவாகமற்ற பொது நிலத்தையே தாம் கருதியிருக்க வேண்டுமென ஹாடினே பின்னர் திருத்திக்கொண்டதை ஓதுவார் சிலரே. சுவிற்சர்லாந்தின் தோர்பெல் கிராமத்தில், பனிக்காலத்திற் தன் தீவனங்கொண்டு காக்கக்கூடிய பசுக்களுக்கு மேல் ஒருவரும் மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாகாது என்ற விதி 1517 இலேயே எழுதப்பட்டது. இத்தகைய சான்றுகளைத் திரட்டிய எலினோர் ஒஸ்ரொம் 2009 இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றார். மட்டக்களப்பில் பெரும் பட்டிகளை உடையோருக்கும் இவ்விதி கசக்கலாம், கசக்கட்டும். மாட்டெண்ணிக்கைக்கு வரையறை வேண்டுமென்பது வேறு, தரையே வேண்டாமென்பது வேறு.

'வெறுங்காணி' என்ற சொல்லின் பிறப்பையும் மறத்தலாகாது. காடும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன என்று 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொண்டது. உழுதவனுக்கு உரிமை உண்டு, மேய்த்தவனுக்கு இல்லை என்ற அக்குடியேற்றக் கண்ணோட்டத்தைச் சுதந்திர இலங்கையின் திட்டங்களும் கைவிடவில்லை. 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மகாவலி அதிகாரசபையின் வரைபடத்தில் இத்தரை நீர்ப்பாசனத்துக்குக் காத்திருக்கும் நிலமாயிற்று. பண்ணையாளர் கேட்பது நட்டஈடோ நிவாரணமோ அன்று. எல்லை அளந்து, மேய்ச்சற்றரையென வர்த்தமானியிற் பிரசுரிக்கும் ஓர் அறிவித்தல். அதற்கு ஒரு டொலரும் செலவாகாது.