பிளாஸ்டிக் சர்ஜரியும் 18 வாரக் கணக்கும்

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஏதாவது ஒரு நடிகையின் மூக்கு. அதனால்தான் இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், "காத்திருக்கட்டுமே, என்ன அவசரம்?" என்று ஒரு முணுமுணுப்பும் கூடவே வருகிறது.

உண்மையில், அழகுக்காக மட்டும் செய்துகொள்ளும் சர்ஜரியை அங்குள்ள என்.எச்.எஸ். பொதுவாகச் செய்வதே இல்லை! வரிசையில் நிற்பவர்கள் வேறு ஆட்கள். தீக்காயம் ஆறித் தோல் சுருங்கி, கழுத்தைத் திருப்ப முடியாதவர். புற்றுநோயில் இழந்த மார்பகத்தைத் திரும்ப உருவாக்கிக்கொள்ள விரும்பும் பெண். காது சரியாக உருவாகாமல் பிறந்த குழந்தை. முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு ஹரால்ட் கில்லீஸ் செய்ததும் இதே வேலைதான்.

விதிப்படி, டாக்டர் பரிந்துரைத்த நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். வரிசையில் இருப்பவர்களில் 92 சதவீதம் பேராவது இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். இந்த இலக்கு 2016-லேயே கைநழுவிவிட்டது. ஆகவே பழியை மொத்தமாக கொரோனா மேல் போட முடியாது. 2023 செப்டம்பரில் எல்லாத் துறைகளும் சேர்த்து வரிசையில் சுமார் 77 லட்சம் சிகிச்சைகள் பாக்கி. 2024-ல் வந்த லேபர் அரசு, 2029 மார்ச்சுக்குள் பழைய 92 சதவீதத்தை எட்டுவதாகச் சொல்லியிருக்கிறது.

நல்லது. ஆனால் எப்படி எட்டுவார்கள் என்பதில்தான் சிக்கல்.

பிளாஸ்டிக் சர்ஜன்கள் இந்த வரிசையை மட்டும் பார்ப்பவர்கள் அல்லர். இரவில் மெஷினில் கை மாட்டியவர் வந்தாலும், தோல் புற்றுநோய்க்காரர் வந்தாலும் இவர்கள்தான் போக வேண்டும். உயிர் போகிற கேஸ் முன்னால் போவது நியாயம்தானே? யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. தள்ளிப்போவது பழைய தழும்புக்காரரின் தேதி.

அடுத்தது, எண்ணுகிற முறை. வயிற்றுச் சதையை ரத்தக்குழாயோடு எடுத்து மார்பகம் அமைக்க கிட்டத்தட்ட ஒரு முழு நாள் தியேட்டர் வேண்டும். அதே நாளில் சின்னச் சின்ன கட்டி அகற்றும் கேஸ்கள் ஏழெட்டை முடித்துவிடலாம். 18 வாரக் கணக்கில் அந்தப் பெண்ணும் ஒன்று, ஒரு கட்டியும் ஒன்று. சதவீதத்தைக் காட்டியாக வேண்டிய நிர்வாகத்தின் கண் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது. முக்கியமான முதல் சிகிச்சை நடந்ததுமே கடிகாரம் நின்றுவிடும். ஆனால் பிளாஸ்டிக் சர்ஜரியில் பாதி வேலை கட்டம் கட்டமாக நடப்பது. விலா எலும்புக் குருத்தை எடுத்துக் காது செய்யவே குறைந்தது இரண்டு ஆபரேஷன் ஆகும். அடுத்த கட்டத்துக்கான காத்திருப்பு இந்த 18 வாரத்தில் சேராது. குறித்த தேதி தவறினால்தான் புதிய கடிகாரம் ஓட வேண்டும்.

இந்தக் காலத்தில் உடம்பு சும்மா இருப்பதில்லை. சுருங்கிய தோல் வளராது, குழந்தையின் கை வளரும். விரல் மேலும் வளையும். நரம்பு அறுந்த தசைக்கு ஒன்று ஒன்றரை வருஷத்துக்குள் நரம்பு திரும்பாவிட்டால், பிறகு எந்த சர்ஜனாலும் அதைப் பழையபடி எழுப்புவது கடினம். முதலில் ஒரு ஆபரேஷனில் முடிந்திருக்கக்கூடியது பிறகு இரண்டு மூன்றாகிறது. அந்தச் செலவும் அதே என்.எச்.எஸ். தலையில்தான்!

தலை எண்ணுவதோடு நிறுத்தாமல், தாமதித்தால் எது கெட்டுப்போகும் என்று பார்த்து தேதி கொடுக்கலாம். பெரிய ஆபரேஷன்களுக்கு என்று வாரத்தில் சில தியேட்டர் நாட்களைத் தொடாமல் ஒதுக்கலாம். இரண்டாம் மூன்றாம் கட்டத்துக்குக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கையையும் 18 வாரப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே போடலாம். 18 வாரம் தாண்டினால் வேறு ஆஸ்பத்திரி கேட்கும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது என்பார்கள். கண்புரைக்கு அது சரி. முகம் அமைக்கத் தெரிந்த டீம் பக்கத்து ஊரில் இருக்க வேண்டுமே?