நீலக் கல்லின் மேல் வீண்பழி

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்கள் அதே கையோடு நகைக்கடைக்கும் ஏறிவிடுவது வழக்கம். புடவையில் அவர்களை ஏமாற்றுவது லேசில்லை. வைரத்தோட்டின் முன்னால்தான் வாயடைத்துப் போகிறார்கள். சான்றிதழில் ‘ஃப்ளூரசன்ஸ்’ என்ற வரிக்கு நேரே ‘ஸ்ட்ராங் புளூ’ என்று இருந்துவிட்டால் போதும். விற்பனையாளரே குரலைத் தணித்துக்கொண்டு, “இது வேணாம்மா. போகப்போகப் பால் மாதிரி ஆயிடும். வெயில்ல நீலமா அடிக்கும். ‘நன்’னு போட்ட கல்லா எடுத்துக்குங்க” என்கிறார். கூட வந்த அத்தையும் தலையாட்டுகிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த அத்தையின் காதில் இருப்பது ‘புளூ ஜாகர்’ என்று மூன்று தலைமுறையாகப் பெருமை பேசப்படும் ஏழுகல் தோடு. நம் வீடுகளில் அந்தப் பெயரால் கொண்டாடப்பட்ட குணமும், சான்றிதழில் குற்றம்போல வாசிக்கப்படும் இந்தக் குணமும் பெரும்பாலும் ஒன்றேதான்.

சங்கதி என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். வைரம் என்பது கரி. அந்தக் கரி அணுக்களுக்கு நடுவே நைட்ரஜன் அணுக்கள் புகுந்திருப்பதுண்டு. மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒரு காலி இடத்தைச் சுற்றி அமைந்திருந்தால், அவ்விடம் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். ஃப்ளூரசன்ஸ் என்கிற ஒளிர்வு அதுதான். கதிர் நின்றால் ஒளியும் நின்றுவிடும். பரிசோதனைக் கூடத்தில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கை இருட்டில் கல்லின்மேல் பாய்ச்சி, ஒப்பீட்டுக் கற்களோடு வைத்துப் பார்த்து, ‘நன்’ தொடங்கி ‘ஃபெயிண்ட்’, ‘மீடியம்’, ‘ஸ்ட்ராங்’, ‘வெரி ஸ்ட்ராங்’ வரை ஏதாவது ஒரு படியை எழுதுகிறார்கள். நிறத்துக்கும் தெளிவுக்கும் தரம் போடுகிற அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் இதைத் தர அளவாகவே கொள்வதில்லை. கல்லை அடையாளம் காண உதவும் குறிப்பு என்ற அளவில்தான் பதிகிறது. இருட்டில் அந்த விளக்குக்குக் கீழே தெரிந்ததை வைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்தில் தெரியப்போவதைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பதில்தான் எல்லாக் கோளாறும்.

பழிகளில் பெரியது பால் பழி. அதில் ‘போகப்போக’ என்ற பாதி வெறும் கற்பனை. வைரத்துக்குள் இருக்கும் நைட்ரஜன், பூமியின் ஆழத்தில் கல் உருவான காலத்திலேயே உள்ளே போனது. உங்கள் காதில் ஏறிய பிறகு அது கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை. இன்று தெளிவாக இருக்கும் கல் பேத்தி காலத்திலும் தெளிவாகவே இருக்கும்.

மீதிப் பாதிக்கு வருவோம். ஜி.ஐ.ஏ.விடம் வந்த வைரங்களில் 25 முதல் 35 சதவீதம் ஏதோ ஓர் அளவுக்கு ஒளிர்பவை. அவற்றில் 95 சதவீதத்துக்கு மேல் நீலமாக ஒளிர்பவை. அப்படி ஒளிர்பவற்றுள் மங்கலாகவோ எண்ணெய் படிந்தது போலவோ தெரிந்தவை 0.2 சதவீதத்துக்கும் குறைவு என்று அந்த நிறுவனமே சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 வைரத்தை எடுத்தால் 300 ஒளிரும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 300-இல் பால் பூத்த கல் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் கடையில் பழி சுமப்பது 300 கல்லும்.

1997-இல் அந்த நிறுவனத்தார் இதையே ஓர் ஆய்வாக நடத்திப் பார்த்தார்கள். நிறத்தில் ஈ, ஜி, ஐ, கே என்ற படிகளில் வட்ட வெட்டுக் கற்களை எடுத்து, ஒவ்வொரு படிக்குள்ளும் ஒளிர்வே இல்லாததிலிருந்து மிக வலுவானது வரை அடுக்கி, நகை வியாபாரிகள், தரம் பிரிப்பவர்கள், இந்தத் தொழிலோடு தொடர்பே இல்லாத சாதாரண ஆட்கள் எல்லோரிடமும் காட்டினார்கள். சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசமே பிடிபடவில்லை. தேர்ந்தவர்களும் ஒரே முடிவுக்கு வரவில்லை. கல்லை முகம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தபோது மட்டும் ஒரு போக்கு தெரிந்தது, கவிழ்த்து வைத்தபோது அதுவும் இல்லை: வலுவாக ஒளிர்ந்த கல் மஞ்சள் குறைந்து சற்று வெளுப்பாகத் தோன்றியது. அதாவது, தெரிந்த கொஞ்சமும் கல்லுக்குச் சாதகமாகத்தான் தெரிந்தது. தோட்டையும் யாரும் கவிழ்த்துப் போட்டுக்கொள்வதில்லையே.

பால் பூத்த வைரமே உலகத்தில் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. உண்டு. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குறைகள் ஒளியைச் சிதறடித்தால் கல் மங்கும். அதற்குமேல் வலுவான ஒளிர்வும் சேர்ந்தால் மங்கல் கொஞ்சம் எடுப்பாகத் தெரியலாம். மூலக் காரணம் அந்தச் சிதறல்தான். ஒளிர்வே இல்லாத கல்லிலும் இதே மங்கல் வரும். அப்போது ‘நன்’ என்ற சொல் அதைக் காப்பாற்றாது.

சரி, நம் வீடுகளில் ‘தோடு பால் பூத்துப்போச்சு’ என்று சொல்கிறார்களே, அது என்ன? பத்துக்கு ஒன்பது, எண்ணெய். வைரத்துக்குத் தண்ணீர் ஒட்டாது, கொழுப்பு ஒட்டும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இந்தக் குணத்தை வைத்தே ஒரு காலத்தில் வைரத்தைப் பிரித்தார்கள். கொழுப்பு தடவிய மேசைமேல் கல்லும் மண்ணுமாகத் தண்ணீரோடு ஓடவிட்டால் மண் ஓடிவிடும், வைரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இப்போது நம் தோட்டை நினையுங்கள். சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், முகத்துக்கு மஞ்சள், தலைக்குத் தேங்காயெண்ணெய், மண்டபத்தில் சந்தனம். கல்லின் பின்புறம் கூம்பி இறங்குகிற பக்கங்களில்தான் ஒளி பட்டுத் திரும்ப வேண்டும். அங்கே பிசுக்கு ஏறினால் ஒளி திரும்பாமல் பின்னால் கசிந்துவிடும். கல் செத்துப்போனது போலத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தேய்த்தால் போதும், பழைய மின்னல் திரும்பிவிடும். பின்புறம் மூடிக் கட்டிய பழைய தோடாக இருந்தால் தண்ணீரில் ஊறப்போடாமல் ஆசாரியிடம் கொடுப்பது நல்லது. இந்த வேலையைச் செய்யாமலே ‘ஃப்ளூரசன்ஸ் கல், அதான் இப்படி’ என்று தோட்டை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. மாற்றிக் கொடுத்த கடைக்கு அதில் இரட்டை லாபம்.

வெயிலில் நீலமாக அடிக்கும் என்பது அடுத்தது. வெயிலில் புற ஊதாக் கதிர் உண்டு என்பது சரி. கூடவே கண்ணுக்குத் தெரியும் ஒளி அதைப்போலப் பல மடங்கு கொட்டுகிறது. அந்த வெள்ளத்தில் கல் விடுகிற நீலம் அமுங்கிவிடும். பகலில் நீலமாகத் தெரிகிற கற்கள் இருக்கத்தான் செய்கின்றன. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 127.01 கேரட் ‘போர்ச்சுகீஸ்’ வைரம் பகல் வெளிச்சத்திலேயே மெல்லிய நீல மூட்டம் காட்டும் என்பார்கள். அது பேர் சொல்லித் தனியாக எழுதும் அளவுக்கு அபூர்வம். நம் ஏழுகல் தோட்டில் ஒவ்வொரு கல்லும் சில செண்ட்தான். அந்த அளவில், கூரிய கண்ணுள்ள நாத்தனாருக்கும் ஒன்றும் தெரியாது. தனிக்கல் மோதிரத்துக்கு வெளிநாட்டில் சொன்ன எச்சரிக்கையை ஐந்து செண்ட் கல்லுக்குச் சொல்லி மிரட்டுவது அநியாயம்.

ஒளிர்வில் உண்மையான குறை ஒன்று உண்டு. பழி சொல்பவர்கள் அதைச் சொல்வதே இல்லை. வெயிலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடம் இரவு. வேட்டிக்கு நீலம் போட்டால் மஞ்சள் மறைகிறதே, வைரத்தின் நீல ஒளிர்வும் அதே வேலையைத்தான் செய்கிறது. வேட்டியில் போட்ட நீலம் அங்கேயே இருக்கும். வைரத்தின் நீலமோ புற ஊதா இருக்கும் வரைதான். தரம் பிரிக்கும் மேசை விளக்கில் கொஞ்சம் புற ஊதா கலந்திருந்தால், அதன் உதவியோடு ஒரு கல் ‘எச்’ நிறம் என்று பெயர் வாங்கிவிடலாம். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் புற ஊதா கிட்டத்தட்டக் கிடையாது. அதன் கீழே அதே கல் ஒரு படியோ இரண்டு படியோ மஞ்சளாகத் தெரியக்கூடும். வைரத் துறைக்குள்ளேயே இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. கர்ப்பக்கிருகத்து எண்ணெய் விளக்கின் முன்னால் எந்த வைரமும் ஒளிர்வதில்லை. அங்கே ‘ஸ்ட்ராங்’கும் ‘நன்’னும் சமம்.

காந்தி ரோட்டுக் கடைகளில் விவரம் தெரிந்த பெண்கள் புடவையைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்வதில்லை. “வெளிச்சத்துல காட்டுங்க” என்று மயில்கழுத்தை வாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்து, முந்தானையைப் பிரித்து, திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் பேச்சு. உள்ளே அரக்காகத் தெரிந்தது வெளியே வேறாகத் தெரிவது அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் புடவையைவிடப் பல மடங்கு விலை போகும் தோட்டை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வரிசையாக எரிகிற குட்டி விளக்குகளின் கீழேயே பார்த்து வாங்கிவிடுகிறார்கள். வைரத்தையும் வாசலுக்கு எடுத்து வாருங்கள். நிழலில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை, உள்ளே சாதாரண எல்.இ.டி. வெளிச்சத்தில் ஒரு முறை. மூன்றிலும் கல் பிடித்திருந்தால் சான்றிதழின் அந்த வரியை மறந்துவிடலாம்.

இனி அத்தையின் கட்சி. ‘நீலம் இருந்தால்தான் உசத்தி, புளூ ஜாகர்தான் வைரம்’ என்பதும் அதே தப்பின் மறுபக்கம். ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் பகுதியில் இருக்கும் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயர் நம் வாயில் சுருங்கியது. 1893-இல் 995 கேரட் ‘எக்ஸெல்சியர்’ கிடைத்த சுரங்கம் அது. நீலம் தட்டிய வெள்ளைக் கற்களுக்கு அது பேர்போனது. 1971-இல் மூடிவிட்டார்கள். பிற்பாடு பழைய மண்மேட்டைச் சலித்துக் கல் எடுத்தார்கள். 2022 செப்டம்பரில் அங்கே கழிவுச் சேற்றைத் தேக்கிய கரை உடைந்து சேறு ஊருக்குள் புகுந்தது. இன்றைக்குக் கடையில் ‘ஒரிஜினல் புளூ ஜாகர்’ என்று காட்டப்படும் புதுக் கல் அந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதற்கு யார் அத்தாட்சி? அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகரலாம். பாட்டி தோடு பாட்டி தோடாகவே இருக்கட்டும், அதற்கு ஊர்ப்பெயர் தேவையில்லை.

கள்ளநோட்டு பார்க்கும் விளக்கில் நீலமாக எரிந்தால் அசல் வைரம் என்று ஒரு சோதனை பரவியிருக்கிறது. இதுவும் நிற்காது. பெரும்பாலான அசல் வைரங்கள் அந்த விளக்கில் எரியவே எரியாது. சில போலிக் கற்கள் எரியும். ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்த விளக்கு உதவும். ஏழுகல் தோட்டை இருட்டில் அதன் கீழே வையுங்கள். அசல் வைரங்கள் கலந்து கட்டியதாக இருந்தால் ஒரு கல் பளிச்சென்று நீலம், பக்கத்தது மங்கல், இரண்டு மூன்று கரிக்கட்டையாக இருட்டு என்று கலந்துகட்டித் தெரிவதுதான் இயல்பு. ஏழும் ஒன்றுபோல எரிந்தாலோ ஒன்றுபோல இருண்டாலோ சந்தேகப்பட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். அதுவும் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

கடைசியாக, காசு. ‘திருப்பிக் கொடுக்கும்போது ஃப்ளூரசன்ஸ் கல்லுக்குக் கழிப்பார்கள்’ என்பது உண்மை. சந்தையில் வெளுப்பான கற்களில் ‘ஸ்ட்ராங்’ என்று இருந்தால் விலை குறைகிறது. மஞ்சள் சாயல் கூடக்கூட அந்தக் குறைவு கரைந்து, பெயரளவுக்கு வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத குறைக்கு விலையில் மட்டும் தள்ளுபடி என்றால் வாங்குகிறவருக்கு அது லாபம்தானே. சிக்கல் எங்கே என்றால், விற்கும்போது ‘அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா’ என்று முழு விலை போட்டுவிட்டு, திரும்ப வாங்கும்போது மட்டும் சான்றிதழைப் பிரித்து அந்த வரியில் விரலை வைப்பதில். ஆகவே ‘ஸ்ட்ராங்’ கல் பிடித்திருந்தால், அதே நிறம், அதே தெளிவு, அதே எடையில் ‘நன்’ கல்லுக்கு என்ன விலை என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பில்லில் குறைக்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் அந்தப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.